ரத்தம் குறைவான குழந்தைக்குத் தடுப்பூசி பிடிக்குமா?

கேள்வி: 05.06.2024, காலை 11.10

பாப்பாவுக்கு 9 மாசம் முடிஞ்சிருச்சு. இன்னைக்கு எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போடப் போனோம். போன வாரம் வெளியே லேப்ல பார்த்ததில் ஹெச்.பி. (ஹீமோகுளோபின்) 8.9. "ரத்தமே இல்லாத பிள்ளைக்கு ஊசி போட்டா பிடிக்காது, ரத்தம் ஏறட்டும்"னு அத்தை சொல்லி, வாசல் வரைக்கும் போய்த் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ரத்தம் குறைவா இருந்தா ஊசி வேலை செய்யாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

05.06.2024, பிற்பகல் 2.35

தங்கச்சி, அடுத்த புதன்கிழமையே போய்ப் போட்டுருங்க. ரத்தசோகைக்காக எந்தத் தடுப்பூசியையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. நான் கிராம சுகாதார செவிலியர். புதன்தோறும் ஊசி போடுறதுதான் என் வேலை. 8.9 இருக்கிற குழந்தைக்கு ரெண்டும் வேணும்: ஊசியும் வேணும், இரும்பு மருந்தும் வேணும். ஒண்ணுக்காக இன்னொண்ணைக் காக்க வைக்கக் கூடாது. தட்டம்மை வந்தா அது ரத்தம் ஏறுற வரைக்கும் பொறுத்துக்கிட்டு நிக்காது.

மருந்து எவ்வளவுன்னு டாக்டர் எழுதித் தருவார். 8.9 மிதமான ரத்தசோகை. 7-க்குக் கீழே போனாத்தான் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

05.06.2024, இரவு 10.05

மத்தியானம் அவசரத்தில் எழுதினது. இப்போ கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா அந்த அத்தை சொன்னதை முழுசா ஒதுக்கிட முடியாது.

ரத்தம் குறைவா இருந்தா ஊசி பிடிக்காதுன்னு அவங்க சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை வெச்சு அவங்க எடுத்த முடிவுதான் ஆபத்து. இரும்புச்சத்து குறைவான உடம்பு தடுப்பூசிக்கு முழு பலத்தோட பதில் சொல்றதில்லைன்னு சில வருஷமா ஆராய்ச்சிகள் காட்டுது. ரொம்ப நாளா பாடத்தில் என்ன இருந்துச்சுன்னா, இரும்புக் குறைவில் சில வெள்ளை அணுக்களோட வேலை மந்தமாகும், ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கிற எதிர்ப்புப் புரதம்) சுரக்கிறது பெருசா கெடாது. 2020-ல் கென்யாவிலிருந்து வந்த ஒரு ஆய்வு அந்த நம்பிக்கையை அசைச்சிருச்சு.

கென்யாவின் தெற்குக் கடலோரம், குவாலே பகுதி. சுவிட்சர்லாந்தின் இ.டி.ஹெச். சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோல் ஸ்டோஃபல், மைக்கேல் சிம்மர்மன், ஆக்ஸ்ஃபோர்டின் ஹால் டிரேக்ஸ்மித், கூடவே கென்ய ஆராய்ச்சியாளர்கள். பிறந்ததிலிருந்து 18 மாசம் வரைக்கும் குழந்தைகளைப் பின்தொடர்ந்தாங்க. சேர்ந்தது 303 குழந்தை. 10 வாரத்திலேயே பாதிக்கு மேல் ரத்தசோகை, 24 வாரத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல். எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டவங்கதான். ஆனா ஊசி போட்ட சமயத்தில் ரத்தசோகை இருந்த குழந்தைகள்ல, 18 மாசத்தில் தொண்டை அடைப்பானுக்கும் நியூமோனியா கொண்டுவர்ற நியூமோகாக்கஸ் கிருமிக்கும் பாதுகாப்பான அளவு ஆன்டிபாடி இல்லாமல் போற வாய்ப்பு மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல் இருந்துச்சு.

நான் போடுற ஒவ்வொரு ஊசிக்கும் அட்டையில் தேதி எழுதுறேன், லாட் நம்பர் எழுதுறேன், எந்தக் கை, எந்தத் தொடைன்னுகூட எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் அந்தக் குழந்தை உடம்பில் இரும்பு இருந்துச்சான்னு எழுதுறதுக்கு அந்த அட்டையில் இடமே இல்லை. இதைத்தான் எல்லாரும் யோசிக்கணும்னு கேட்டுக்கிறேன்.

06.06.2024, காலை 6.50

ஒருத்தர் கேட்டிருக்கார்: "ரத்தசோகை இருக்கிற வீட்டில் வறுமை இருக்கும், அடிக்கடி காய்ச்சல் வரும், சாப்பாடு சரியிருக்காது. அதில் எது ஆன்டிபாடியைக் குறைச்சதுன்னு எப்படிச் சொல்வீங்க?"

நல்ல கேள்வி. வெறுமனே பின்தொடர்ந்து பார்க்கிற ஆய்வில் இதைப் பிரிக்க முடியாது. அதனாலதான் அதே குழு இன்னொண்ணும் பார்த்துச்சு. ஏழரை மாசக் குழந்தைகள், குலுக்கல் முறையில் ரெண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு சத்துப் பொடியில் தினம் 5 மில்லிகிராம் இரும்பு, இன்னொரு பிரிவுக்கு அதே பொடி இரும்பு இல்லாமல். 4 மாசம் கொடுத்தாங்க. நடுவில் 9-ஆம் மாசம் தட்டம்மை ஊசி. பதினொன்றரை மாசத்தில் ரத்தம் எடுத்தப்போ, இரும்பு வாங்கின பிரிவில் தட்டம்மை ஆன்டிபாடி அதிகம். அந்த ஆன்டிபாடி கிருமியை இறுக்கிப் பிடிக்கிற பலமும் அதிகம்.

அதுக்காக இதைப் பெரிய முரசா அடிக்கவும் முடியாது. சேர்ந்த குழந்தை 155, அந்தக் கட்டத்தில் கணக்குக்கு வந்தது 127. வித்தியாசம் இருக்கு, ஆனா நூலிழையில் நிக்குது. பெரிய ஆய்வு ஒண்ணு நம்ம நாட்டிலேயே நடக்கணும். நம்மகிட்ட ரத்தசோகையும் இருக்கு, தடுப்பூசித் திட்டமும் இருக்கு, ஆராய்ச்சி செய்யத் தெரிஞ்சவங்களும் இருக்காங்க.

06.06.2024, இரவு 9.15

"அப்போ இவ்வளவு நாளும் போட்ட ஊசி எல்லாம் வேஸ்ட்டா?"ன்னு கேட்டவருக்கு.

இல்லவே இல்லை. இந்த இழையில் எதை மறந்தாலும் இதை மறந்துராதீங்க. ரத்தசோகை உள்ள குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஊசி வேலை செய்யுது. நம்ம மக்கள்ல இவ்வளவு ரத்தசோகை இருந்தும் தொண்டை அடைப்பான் வார்டுகள் காலியானது, பிறந்த குழந்தைக்கு வர்ற ரணஜன்னி ஒழிஞ்சது, போலியோ போனது, எல்லாம் இதே ஊசியாலயும் சொட்டு மருந்தாலயும்தான். நான் சொல்றது, கிடைக்கிற பலன் இன்னும் கூடுதலாக் கிடைக்க வழி இருக்குன்னு மட்டும்தான். பாதி விளைச்சல்னு சொல்லி யாரும் விதைக்காமல் இருக்கிறதில்லை.

08.06.2024, பிற்பகல் 3.40

சனிக்கிழமை, கொஞ்சம் நேரம் கிடைச்சது. உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்ச அளவில் எழுதுறேன்.

ஊசி போட்டதும், அந்தக் கிருமியை அடையாளம் தெரிஞ்ச சில வெள்ளை அணுக்கள் மட்டும் விழிச்சுக்கும். கொஞ்ச நாளில் ஒண்ணு ஆயிரமாப் பெருகணும். பெருகணும்னா டி.என்.ஏ. புதுசா எழுதணும், அதுக்குத் தேவையான நொதி இரும்பு இல்லாமல் ஓடாது. சக்தி வேணும், சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இரும்பு வேணும். அதனால விழிச்ச அணு முதல் வேலையா தன் மேல்தோலில் இரும்பு இழுக்கிற ஏற்பிகளை நிறைய நிறுத்தி வைக்கும். ரத்தத்தில் இரும்பு ஓடினாத்தானே இழுக்கும்? 2019-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, ஆன்டிபாடி சுரக்கிற பி செல்கள் பெருகுறதுக்கு வேண்டிய மரபணுக்களைத் திறந்துவிடுற நொதிகளுக்கும் இரும்பு வேணும்னு காட்டுச்சு.

இங்கதான் ஹெப்சிடின் வருது. கல்லீரல் சுரக்கிற ஒரு சின்ன ஹார்மோன், 25 அமினோ அமிலம்தான். அது கூடுச்சுன்னா குடலிலிருந்து இரும்பு உள்ளே வராது, சேமிப்பில் இருக்கிற இரும்பும் வெளியே வராது. கடைக்குள்ள சரக்கு இருக்கும்போதே ஷட்டரை இறக்கிட்ட மாதிரி. காய்ச்சல், நாள்பட்ட தொற்று, வீக்கம் இருந்தா ஹெப்சிடின் கூடும். கிருமிக்கும் இரும்பு வேணும்கிறதால உடம்பு அதைப் பட்டினி போடுற வழி இது. நல்ல தற்காப்பு. ஆனா அதே சமயத்தில் நம்ம அணுக்களும் பட்டினி கிடக்குது.

டிரேக்ஸ்மித் குழு 2021-ல் எலிகளுக்கு ஹெப்சிடின் போல வேலை செய்யுற மருந்தைக் கொடுத்து, ரத்தத்தில் இரும்பைக் குறைச்சுப் பார்த்தாங்க. தடுப்பூசிக்கான பதில் படுத்திருச்சு. பன்றிக்குட்டிகள்லயும் பார்த்தாங்க. பன்றிக்குட்டி பிறக்கும்போதே இரும்பு இருப்பு ரொம்பக் குறைவு. பண்ணைக்காரங்க பிறந்த சில நாள்லயே அதுக்கு இரும்பு ஊசி போட்டுருவாங்க, இல்லாட்டி வெளுத்துப் போயிரும். அந்த இரும்பு கிடைக்காத குட்டிகளுக்குத் தடுப்பூசியின் பலன் குறைஞ்சது. பண்ணையில் குட்டிக்குப் பார்க்கிற இரும்புக் கணக்கை மனுஷக் குழந்தைக்குப் பார்க்காமல் விட்டோமேன்னு படிச்சப்போ நெஞ்சு கனத்துச்சு.

08.06.2024, மாலை 5.00

மேலே எழுதினதில் ஒண்ணு சேர்க்கணும். மனுஷர்கள்லயும் நேரடி சாட்சி இருக்கு. அணுக்குள்ள இரும்பு இழுக்கிற அந்த ஏற்பியில் பிறவிக் கோளாறு உள்ள சில அரபுக் குடும்பங்களை 2016-ல் விவரிச்சிருக்காங்க. அந்தக் குழந்தைகளுக்கு ரத்தசோகை லேசாத்தான் இருந்துச்சு, நோய் எதிர்ப்பு சக்தியோ கடுமையாக் கெட்டிருந்துச்சு. சிவப்பணு ஒருவிதமாச் சமாளிச்சுக்குது, வெள்ளை அணுவால முடியலை. ஹெச்.பி. ஓரளவு இருந்தாலும் இரும்பு போதாமல் இருக்கலாம்கிறதுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

12.06.2024, இரவு 8.30

இன்னைக்கு ஊசி நாள். ஒரு அம்மா, 16 மாசப் பையன், எம்.ஆர். ரெண்டாவது தவணை. கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன், வெளுப்பு. "சிரப் கொடுக்கிறீங்களா?"ன்னு கேட்டா "கொடுக்கிறோம்"ங்கிறாங்க. பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். பக்கத்து வீடுதான். 50 மில்லி பாட்டில், மூடிக்கு மேல ஒட்டின பிளாஸ்டிக்கூடக் கிழியலை.

திட்டலை. ஏன்னு மட்டும் கேட்டேன். மூத்த பிள்ளைக்குக் கொடுத்தப்போ மலம் கறுப்பாப் போச்சாம். குடலில் ரத்தம் கசியுதுன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். அன்னையோட நிறுத்தினவங்க, சின்னவனுக்குத் தொடங்கவே இல்லை. கறுப்பாப் போறது உறிஞ்சாமல் மிச்சமான இரும்பு. பயப்பட ஒண்ணுமில்லை. இதைப் பாட்டில் கொடுக்கும்போதே சொல்லிட்டா அந்தப் பாட்டில் அலமாரிக்குப் போகாது. இப்போ நான் பாட்டிலை நீட்டுறதுக்கு முன்னாடி மலத்தின் நிறத்தைத்தான் சொல்றேன். அடுத்து, பல்லில் கறை பிடிக்கும்னு பயப்படுறவங்களுக்கு, கன்னத்தின் உள்பக்கம் விட்டு மேல தண்ணி கொடுங்கன்னு சொல்றேன். ருசி இரும்புத் துருவா இருக்கும், பிள்ளை துப்பும். என் வெள்ளைச் சேலையில் துப்பாத பிள்ளை எங்க ஊர்ல குறைவு!

தெரியாதவங்களுக்கு: 6 மாசத்திலிருந்து 5 வயசு வரைக்கும் வாரம் ரெண்டு தடவை 1 மில்லி. அதில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கு. இலவசம். 2018-ல் வந்த அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் இருக்கு. இது வராமல் தடுக்கிற அளவு. ஏற்கெனவே ரத்தசோகை வந்த குழந்தைக்கு இது போதாது, எடைக்கு கிலோவுக்கு தினம் 3 மில்லிகிராம் கணக்கில் டாக்டர் எழுதணும். மருந்துக்கடையில் கிடைக்கிற சொட்டு மருந்தும் சிரப்பும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அடர்த்தி, அதனால பக்கத்து வீட்டு அளவைப் பார்த்துக் கொடுக்காதீங்க. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கிற நாள்ல நிறுத்தி வைங்க. தலசீமியா (பிறவி ரத்த நோய்) உள்ள குழந்தைக்கும் அடிக்கடி ரத்தம் ஏத்துற குழந்தைக்கும் கொடுக்கவே கூடாது. அம்மாவோட சிவப்பு மாத்திரையைக் குழந்தை எட்டாத இடத்தில் வைங்க. மிட்டாய்னு நினைச்சு நாலைஞ்சு முழுங்கின குழந்தைக்கு அது விஷம்.

13.06.2024, காலை 7.10

"வெளி லேப்ல 8.9, அங்கன்வாடியில் பார்த்தப்போ 8.1, எதை நம்புறது?" இது கேள்வி கேட்ட தங்கச்சியே போட்டது.

நரம்பில் எடுத்ததை நம்புங்க. விரலில் குத்திப் பார்க்கிறதில் கை பழக்கம் ரொம்ப முக்கியம். முதல் சொட்டைத் துடைச்சு விடணும். விரலைப் பிதுக்கவே கூடாது. பிதுக்கினா ரத்தத்தோட திசுநீரும் சேர்ந்து வரும், எண் இறங்கிரும். வெளியே இருபது பேர் வரிசையில் நிக்கும்போது, பிள்ளை அலறும்போது, சொட்டு வரலைன்னா பிதுக்கத்தான் கை போகும்.

இதனாலதான் புள்ளிவிவரத்திலும் சண்டை. தேசிய குடும்ப நல ஆய்வின் 5-ஆவது சுற்று (2019–21) விரல் ரத்தத்தில் பார்த்தது: 6 மாசத்திலிருந்து 5 வயசுக்குள்ள இந்தியாவில் 67.1 சதவீதம் குழந்தைகளுக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 57.4. 2016–18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நரம்பு ரத்தத்தில் பார்த்தது: 1 முதல் 4 வயசுக்குள்ள நாடு முழுக்க சுமார் 41 சதவீதம். அதில் இரும்புக் குறைவை, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுற ஃபெரிட்டின் அளவை வெச்சுத் தனியாப் பார்த்தாங்க, 32 சதவீதம். குறைவான எண்ணையே எடுத்துக்கிட்டாலும் மூணில் ஒரு குழந்தைக்கு இரும்பு போதலை. மூணில் ஒண்ணுங்கிறது சின்ன விஷயமா?

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் 6 முதல் 23 மாசக் குழந்தைகளுக்கான ரத்தசோகை எல்லையை 11-லிருந்து 10.5-ஆ மாத்தியிருக்கு. 8.9 ரெண்டு கணக்கிலும் ரத்தசோகைதான்.

16.06.2024, பிற்பகல் 12.20

சாப்பாடு பத்தி வரிசையாக் கேள்விகள். ஞாயித்துக்கிழமைங்கிறதால அதையும் எழுதிர்றேன்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு எல்லாம் நல்லது. ஆனா இலை, தானியத்தில் இருக்கிற இரும்பு கொஞ்சம்தான் உடம்பில் ஏறும். கூட எலுமிச்சை, நெல்லி, தக்காளி, கொய்யா ஏதாவது இருந்தா கூடுதலா ஏறும். டீ கூட வந்தா இறங்கிரும். 10 மாசக் குழந்தைக்கு டீயில் பிஸ்கட்டை நனைச்சுக் கொடுக்கிறதைப் பார்த்தா என்னால பேசாமல் வர முடியாது. ஒரு வயசுக்குள்ள பால்காரர் பாலை முக்கிய ஆகாரமாக் கொடுக்கிறதும் அதே ரகம், அதில் இரும்பு இல்லாததோட குடலையும் உறுத்தும்.

அசைவம் சாப்பிடுற வீடுன்னா சுவரொட்டி. எங்க பக்கம் பாட்டிகள் பிள்ளை வெளுத்தா ஞாயித்துக்கிழமை கசாப்புக் கடைக்கு முன்னாடியே சொல்லி வெச்சு வாங்குவாங்க. ஆட்டுக்கு ஒண்ணுதான் இருக்கும், லேட்டாப் போனா கிடைக்காது. சுட்டு, தோலை உரிச்சு, மிளகு சேர்த்து நசுக்கி ஊட்டுவாங்க. ஆட்டோட மண்ணீரல் அது, பழைய சிவப்பணுக்கள் உடையுற இடம், இரும்பு நிறைய, அதுவும் எளிதா ஏறுற வகை. பாட்டி சொன்னது சரி. நல்லா வேகணும், அது மட்டும் கவனம்.

ஆனா 8.9-ஐ சாப்பாட்டால மட்டும் ஏத்த முடியாது. மருந்து வேணும். சாப்பாடு, ஏறினது இறங்காமல் பார்த்துக்க.

16.06.2024, இரவு 9.50

இப்படி எழுதினதும் ஒருத்தர், "அப்போ எல்லாக் குழந்தைக்கும் அள்ளிக் கொடுத்துட்டா என்ன?"ங்கிறார்.

வேண்டாம். இரும்புக்கு இன்னொரு முகம் இருக்கு. 1978-ல் சோமாலியாவில் இரும்புக் குறைவான நாடோடி மக்கள்ல ஒரு பிரிவுக்கு இரும்பும் ஒரு பிரிவுக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தாங்க. போலி மாத்திரைப் பிரிவில் 7 தொற்று, இரும்புப் பிரிவில் 36. தான்சானியாவின் பெம்பா தீவு இன்னும் கசப்பான பாடம். மலேரியா கடுமையா இருக்கிற இடம். குழந்தைகளுக்குப் பொதுவா இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்ததில், சாவு அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ற நிலை 12 சதவீதம் கூடுச்சு. ஆய்வில் இரும்பு கொடுக்கிறதைப் பாதியில் நிறுத்தினாங்க, 2006-ல் முடிவு வெளிவந்துச்சு. கென்யாவிலேயே சிம்மர்மன் குழு 2015-ல், இரும்புப் பொடி சாப்பிட்ட கைக்குழந்தைகளின் குடலில் நல்ல பாக்டீரியா குறைஞ்சு கெட்டது கூடுதுன்னு காட்டியிருக்கு. தடுப்பூசிக்கு இரும்பு உதவுதுன்னு சொன்ன அதே ஆளுங்கதான் இதையும் சொன்னவங்க. அதனாலயே எனக்கு அவங்க மேல நம்பிக்கை கூடுது.

அதனால அளவு, வேளை, இடம் மூணும் பார்க்கணும். மலேரியா உள்ள பகுதியில் அதைத் தடுக்கிற ஏற்பாட்டோட சேர்த்துத்தான் இரும்பு. நம்ம பக்கம் மலேரியா ரொம்பக் குறைஞ்சிருச்சு, வாரம் ரெண்டு தடவை சின்ன அளவுங்கிறது பத்திரமான வழி.

17.06.2024, காலை 6.30

"வாரம் ரெண்டு தடவை எதுக்கு, தினம் கொடுத்தா சீக்கிரம் ஏறுமே"ன்னு கேட்டதுக்கு: தடுப்புக்கு அது தேவையில்லை. ஒரு நாள் இரும்பு உள்ளே போனாலே ஹெப்சிடின் கூடி, மறுநாள் வர்றதை ஓரளவு தடுத்துரும். ஸ்டோஃபல் 2017-ல் இரும்பு குறைஞ்ச இளம் பெண்கள்ல பார்த்தது: தினம் சாப்பிட்டவங்களுக்கு 16.3 சதவீதம் ஏறுச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டவங்களுக்கு 21.8. இது பெரியவங்க கணக்கு. சிகிச்சைக்குன்னு டாக்டர் குழந்தைக்கு தினம் எழுதியிருந்தா, இதைப் படிச்சுட்டு நீங்களா மாத்தாதீங்க.

19.06.2024, இரவு 9.00

தங்கச்சி செய்தி போட்டிருக்காங்க. பாப்பாவுக்கு இன்னைக்கு ஊசி போட்டாச்சு, சிரப்பும் ஆரம்பிச்சாச்சு, அத்தையே கூட வந்தாங்களாம். ரொம்ப சந்தோஷம். அத்தைக்கு என் வணக்கம் சொல்லுங்க. அவங்க கேட்ட கேள்வியில் விஷயம் இருந்துச்சுன்னும் சொல்லுங்க. இப்போ போட்ட ஊசி வீணாப் போயிருமோன்னு கவலை வேண்டாம். 16 மாசத்திலிருந்து ரெண்டாவது தவணை இருக்கு. அதுக்குள்ள ரத்தம் நல்லா ஏறிருக்கும்.

எம்.ஆர். போட்டதும் ஸ்பூன்ல ஒண்ணு வாயில ஊத்தினாங்களேன்னு கேட்டிருக்கீங்க. அது வைட்டமின் ஏ, 1 லட்சம் யூனிட்.

19.06.2024, இரவு 11.25

தூக்கம் வரலை. வைட்டமின் ஏ-ன்னு எழுதினதும் மனசில் ஒண்ணு உறைச்சது.

ஒரு சத்தை ஊசியோட சேர்த்துக் கட்டி, 9-ஆம் மாசம் வர்ற எந்தக் குழந்தையும் அது இல்லாமல் வெளியே போகாதபடி நாம ஏற்கெனவே செஞ்சு வெச்சிருக்கோம். இரும்புக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. ஏன் இல்லைன்னா, தேதியைப் பாருங்க. 6 வாரம், 10 வாரம், 14 வாரம் ஊசி. அதுக்கப்புறம் 9 மாசம் வரைக்கும் அரசு அட்டவணையில் ஊசியே கிடையாது. அம்மா வர வேண்டிய காரணம் இல்லை. அம்மா வயித்திலிருந்து கொண்டுவந்த இரும்பு தீர்றது 4-லிருந்து 6 மாசத்துக்குள்ள. சிரப் தொடங்க வேண்டியது 6 மாசத்தில். சரியா அந்த இடைவெளியில்தான் குழந்தை எங்க கண்ணில் படுறதில்லை. 9 மாசத்தில் வரும்போது வெளுத்துப் போய் வருது, அன்னைக்கே தட்டம்மை ஊசியும் போடுறோம். கென்யா ஆய்வில் ஏழரை மாசத்தில் இரும்பு தொடங்கினாங்களே, அந்த ஒன்றரை மாசம்தான் நமக்குக் கைநழுவுது.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற திட்டம் காகிதத்தில் இருக்கு, 6-ஆம் மாசப் பார்வையும் இருக்கு. எல்லா ஊரிலும் ஒழுங்கா நடக்கணும். ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மாசக்கணக்கில் சிரப் வரவே இல்லை, கேட்டா "இண்டெண்ட் (மருந்து கேட்டு எழுதுற பட்டியல்) போட்டிருக்கு"ம்பாங்க. வெறுங்கையோட வீட்டுக்குப் போய் என்ன செய்ய? அன்னப்பிராசனம் வைக்கிற வீட்டில் அன்னைக்கே சிரப்பையும் தொடங்கிடச் சொல்றேன் இப்போ. சோறு ஊட்ட எப்படியும் நாள் பார்ப்பாங்க. நாள் மறக்காது.

23.06.2024, காலை 10.40

வேலூர் ஆளுன்னு சொன்ன நண்பர் ஒருத்தர் எழுதியிருக்கார், "போலியோ சொட்டு மருந்து நம்ம பிள்ளைகளுக்குச் சரியாப் பிடிக்கலைன்னு எங்க ஊர்ல 70-கள்லயே கண்டுபிடிச்சாங்களே, அதுவும் இரும்பாலதானா?"

ஆமா, வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அதைக் காட்டினார். பல தவணை கொடுக்க வேண்டி வந்ததுக்கு அது ஒரு முக்கியக் காரணம். வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டா சொட்டு மருந்திலும் அதே கதை. ஆனா அதை இரும்பு மேல போட முடியாது. வாய்வழி மருந்து குடலில் வேலை செய்யுது, அங்க வேற கிருமிகள், குடல் அழற்சி, தாயின் ஆன்டிபாடின்னு நிறைய இருக்கு. வேலூரில் துத்தநாகமும் நல்ல பாக்டீரியாவும் கொடுத்துப் பார்த்தப்போகூட ரோட்டாவுக்குச் சின்ன முன்னேற்றம்தான் கிடைச்சது. சத்துக் குறைவுன்னு பொதுவாப் பேசினா எல்லாம் ஒண்ணாத் தெரியும், ஆனா ஒவ்வொரு சத்துக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாச் சோதிச்சுத்தான் சொல்லணும்.

30.06.2024, மாலை 6.15

கடைசியா ஒரு அண்ணன் கேட்டது: "வீட்டம்மாவுக்கு அடுத்த மாசம் பிரசவ தேதி. ஹெச்.பி. 10.2. குழந்தைக்கு இப்பவே ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும் அண்ணே, இதுதான் சரியான நேரம். 6, 10, 14 வார ஊசிகளுக்குக் குழந்தை எந்த இரும்போட வருதுங்கிறது பிறந்த அன்னைக்கே பெரும்பாலும் முடிவாயிருது. அதுக்கப்புறம் தாய்ப்பாலில் வர்றது கொஞ்சம்தான், நல்லா ஏறும், ஆனா அளவு குறைவு. அதனால முதல்ல, அவங்க மாத்திரையை விடாமல் சாப்பிடணும். டீ, காபி, கால்சியம் மாத்திரையோட சேர்க்காமல் தனி வேளையில். வாந்தி வந்தா ராத்திரி படுக்கப் போகும்போது. எண் ஏறலைன்னா நரம்பில் ஏத்துற இரும்பு இருக்கு, கடைசி மாசம்கிறதால இந்த வாரமே டாக்டர்கிட்டக் கேளுங்க.

ரெண்டாவது, தொப்புள்கொடி. குழந்தை வெளியே வந்ததும் உடனே கொடியை இறுக்கி வெட்டாமல் 1 நிமிஷத்திலிருந்து 3 நிமிஷம் வரைக்கும் பொறுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் இருக்கிற ரத்தம் குழந்தைக்குள்ள போகுது, அதோட அடுத்த சில மாசத்துக்கான இரும்பும். நேபாளத்தில் குலுக்கல் முறையில் பார்த்தாங்க: 3 நிமிஷம் பொறுத்த குழந்தைகளுக்கு 8 மாசத்திலும் 12 மாசத்திலும் ரத்தசோகை குறைவு. சிசேரியன்னாலும் கேட்கலாம். குழந்தை மூச்சு விடாமல் பிறந்தா டாக்டர் முடிவுதான், அப்போ பொறுக்கச் சொல்லாதீங்க.

பிரசவ அறைக்குள்ள போனப்புறம் இதையெல்லாம் சொல்ல யாருக்கும் தெம்பு இருக்காது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போதே, "கொடியைக் கொஞ்சம் பொறுத்து வெட்டுங்க"ன்னு டாக்டர்கிட்டயும் பிரசவ அறை சிஸ்டர்கிட்டயும் சொல்லி, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. எடை குறைவாப் பிறந்தா இரும்பு 6 மாசம் வரைக்கும் காத்திருக்காது, முன்னாடியே தொடங்கணும், அதையும் டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டுக்குங்க.